வேலையிடத்தில் பழமொழி: பணியாளர் ஈடுபாட்டை வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

“ஊர் கூடித் தேர் இழுக்கணும்” என்று மேலாளர் மீட்டிங்கில் சொன்ன நிமிடமே, கேட்டவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தொடங்கிவிடுவார்கள். வடம் பிடிக்கும் கைகளில் இவர் கையும் இருக்கிறதா? இருந்தால் அந்தப் பழமொழி குழுவின் சொல்லாகிவிடும். இல்லையென்றால் அடுத்த வாரமே இடைவேளைப் பேச்சில் கேலியாகத் திரும்பி வரும்.

கேட்பவர் காதில் பழமொழி ஒரு வாக்குறுதியாகத்தான் விழுகிறது. அதனால் வரிசை முக்கியம். முதலில் பிரச்சினையை அறிய வேண்டும். அதற்கு ஒரு செயலை முடிவு செய்ய வேண்டும். அந்தச் செயலை மேலாளர் செய்து காட்ட வேண்டும். அதன் பிறகுதான் பழமொழியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புதிதாக இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் கடைசிப் படியில் தொடங்குகிறார்கள்: போஸ்டரை ஒட்டிவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கிறார்கள்.

கீழே உள்ள படிகள் 5 முதல் 25 பேர் வரை உள்ள ஒரு குழுவுக்கானவை. நிறுவனம் பெரிதென்றால் குழு குழுவாகச் செய்யுங்கள். கணக்குப் பிரிவின் மனக்குறையும் விற்பனைப் பிரிவின் மனக்குறையும் வேறு வேறு. இரண்டுக்கும் ஒரே பழமொழியைப் போர்த்தினால் எதற்கும் பொருந்தாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் கொஞ்சம் அதிகாரம் வேண்டும். மேலிடத்தைக் கேட்காமல் குழுவின் பணிமுறையில் ஒன்றையாவது மாற்ற உங்களால் முடிய வேண்டும். ஷிப்ட் பட்டியல் வெளியாகும் நாள், விடுப்பு விண்ணப்பத்துக்குப் பதில் சொல்லும் கால அளவு, வார மீட்டிங்கின் நேரம், இப்படி ஏதாவது ஒன்று. அதுவும் இல்லையென்றால் பழமொழி வெறும் பேச்சாக நின்றுவிடும்.

அடுத்தது ஒன்பது வாரம். கேட்பதற்கு இரண்டு, மேலாளர் தனியாகப் பழக ஒன்று, குழுவோடு செய்து பார்க்க ஆறு.

மூன்றாவது, உங்களிடம் தயங்காமல் உண்மை சொல்லும் ஒருவர். அவருக்குப் பெரிய பதவி இருக்க வேண்டியதில்லை. குழுவில் மற்றவர்கள் மனம்விட்டுப் பேசும் ஆளாக இருந்தால் போதும். பிறகு ஒரு சிறு நோட்டு.

ஒரு நிபந்தனை. சம்பள பாக்கி, பாதுகாப்புக் குறைபாடு, துன்புறுத்தல் புகார் ஆகியவற்றில் எதுவும் நிலுவையில் இருக்கும்போது இதைத் தொடங்காதீர்கள். அதைத் தீர்த்துவிட்டு வாருங்கள். வயிறு எரிகிறவரிடம் பழமொழி சொன்னால் அது அவரை வாயடைக்கும் முயற்சியாகவே தெரியும், அப்படி நினைப்பதில் தவறும் இல்லை.

2. முதல் இரண்டு வாரம்: காதை மட்டும் திறந்து வையுங்கள்

எந்தக் குழுவிலும் ஏற்கெனவே பழமொழிகள் புழங்கிக்கொண்டுதான் இருக்கும். மனக்குறையை நேராகச் சொல்ல முடியாத இடத்தில் ஆட்கள் அவற்றைத்தான் கையில் எடுக்கிறார்கள். சர்வே படிவத்தில் ‘திருப்தி’ என்று டிக் அடித்தவர், படியிறங்கும்போது “யானைப் பசிக்குச் சோளப்பொரி” என்பார். உங்களுக்கு வேண்டிய தகவல் அந்தப் படிக்கட்டில்தான் இருக்கிறது.

காதில் விழும் பழமொழியை நோட்டில் எழுதுங்கள். சொன்னவர் பெயர் வேண்டாம். எந்தச் சூழலில் வந்தது என்பதை மட்டும் ஒரு வரியில் குறியுங்கள். பெயரை எழுதும் பழக்கம் வெளியே தெரிந்தால் அத்தோடு எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

அடிக்கடி கேட்பவற்றை இப்படிப் படிக்கலாம். “யானைப் பசிக்குச் சோளப்பொரி” என்றால் உழைப்புக்கும் கிடைத்ததற்கும் பொருத்தமில்லை என்று அர்த்தம். சம்பளம் மட்டுமே காரணம் என்று முடிவு கட்ட வேண்டாம். மூன்று பேர் செய்யும் வேலைக்கு ஒரு ஆளை உதவிக்கு அனுப்பியபோதும் இதே பழமொழி வரும்.

“மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்” என்று கேட்டால், ஒரே தவறுக்கு ஆளுக்கொரு தண்டனை நடக்கிறது என்று பொருள். தாமத வருகை, விடுப்பு, வேலையில் பிழை ஆகிய மூன்றிலும் கடந்த மூன்று மாதப் பதிவை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே வித்தியாசம் என்பது பெரும்பாலும் கண்ணில் படும்.

“அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்” என்பது குழுவில் பரவியிருந்தால், சத்தம் போடுகிறவருக்கே சலுகை கிடைக்கிறது என்று மற்றவர்கள் முடிவுக்கு வந்துவிட்டார்கள். அமைதியாக வேலை பார்க்கிறவர்கள் இந்தப் பழமொழியைச் சொல்லும்போது கூடுதல் கவனம் வேண்டும். அவர்கள் புகார் கொடுப்பதில்லை, ஒருநாள் ராஜினாமா கடிதத்தைத்தான் கொடுக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் கவலைக்குரியது “ஊதுற சங்கை ஊதுவோம், விடியறப்ப விடியட்டும்” என்பது. கோபம் இருக்கும் இடத்தில் இன்னும் எதிர்பார்ப்பு இருக்கிறது. இந்தப் பழமொழியில் அதுவும் அணைந்துவிட்டது. இது இரண்டு மூன்று பேர் வாயில் வந்தால், மற்ற குறைகளை ஒதுக்கிவிட்டு இதைத் தூண்டிய சம்பவத்தை முதலில் தேடுங்கள். பெரும்பாலும் யோசனை சொன்னவருக்குப் பதிலே வராத ஒரு நிகழ்ச்சி அடியில் கிடக்கும்.

3. குறையை ஒன்றாகச் சுருக்குங்கள்

இரண்டு வார முடிவில் நோட்டில் பத்துப் பதினைந்து வரிகள் சேர்ந்திருக்கும். அவற்றை மூன்று குவியலாகப் பிரியுங்கள். பணி ஈடுபாடு பற்றி வில்லியம் கான் 1990-ல் எழுதிய ஆய்வில் மூன்று நிலைகளைச் சொல்கிறார்: செய்வதில் அர்த்தம் இருக்கிறது என்ற உணர்வு, மனதில் பட்டதைச் சொன்னால் கெடுதல் வராது என்ற நம்பிக்கை, செய்வதற்கு உடலிலும் மனதிலும் தெம்பு. இந்த மூன்றும் பிரிப்பதற்குப் போதும்.

எந்தக் குவியல் பெரிதோ அதிலிருந்து ஒரே ஒரு குறையை எடுங்கள். இரண்டு எடுத்தால் இரண்டும் பாதியில் நிற்கும். தெம்புக் குவியல்தான் பெரிது என்றால் பழமொழியைத் தள்ளிவைத்துவிட்டு வேலைப் பளுவைக் குறையுங்கள். களைத்துப்போனவருக்கு வேண்டியது ஓய்வு, வாசகம் இல்லை.

எடுத்த குறையை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள், யாரையும் குற்றம் சொல்லாமல். “ஆட்களுக்கு ஆர்வம் இல்லை” என்பது தீர்ப்பு. “இரவு வேலை முடித்தவர்களுக்கு மூன்று நாள் கழித்துத்தான் பாராட்டாக ஒரு வார்த்தை போகிறது” என்பது குறை. இரண்டாவது மாதிரி எழுதினால்தான் அடுத்த படிக்குப் போக முடியும்.

4. பழமொழியைத் தேர்ந்தெடுப்பது: மூன்று சோதனை

இந்தப் படியில்தான் அதிகமானோர் சறுக்குகிறார்கள். அழகாக இருக்கிறது, எதுகை மோனை நன்றாக விழுகிறது என்பதற்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒவ்வொன்றையும் மூன்று கேள்வியால் உரசிப் பாருங்கள்.

முதல் கேள்வி: இது யார் மேல் விழுகிறது? தமிழில் சாதி, பாலினம், உடற்குறை, வயது, உடல்வாகு ஆகியவற்றைக் குத்தும் பழமொழிகள் ஏராளம். நல்ல கருத்தைச் சொல்வதாகத் தோன்றினாலும் அவற்றை முழுவதும் ஒதுக்குங்கள். “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா” என்பதைப் புது மென்பொருள் பயிற்சியில் சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள் உண்டு. ஐம்பதைத் தாண்டியவர் அந்த அறையில் அன்று கேள்வி கேட்க மாட்டார். “ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்”, “கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை” ஆகியவையும் அப்படித்தான்.

இரண்டாம் கேள்வி: அதிகாரத்தில் இருப்பவர் இதைச் சொன்னால் என்ன அர்த்தம் வரும்? ஒரே பழமொழி, சொல்லும் நாற்காலியைப் பொறுத்து மாறிவிடும். “வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்” என்பதைச் சக ஊழியர் சொன்னால் பாராட்டு. கருவி கேட்டவரிடம் மேலாளர் சொன்னால் மறுப்பு. பதவி உயர்வுக்குக் காத்திருப்பவரிடம் “பொறுத்தார் பூமி ஆள்வார்” என்பதும், புகாரோடு வந்தவரிடம் “குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை” என்பதும், திட்டு வாங்கியவரிடம் “கோழி மிதிச்சுக் குஞ்சு முடமாகுமா” என்பதும் கதவைச் சாத்தும் வேலையைத்தான் செய்கின்றன. “உப்பிட்டவரை உள்ளளவும் நினை” என்பதை நிறுவனத்தின் பக்கம் நின்று சொல்லவே கூடாது. சம்பளம் உழைப்புக்கான கூலி. அதை உபகாரமாகக் காட்டினால் கேட்பவரின் மானம் புண்படும். நல்ல தேர்வு என்பது சொல்கிறவரையே கட்டுப்படுத்தும் பழமொழி. அதிகாரம் உள்ளவர் மேல் பாரம் ஏற்றுகிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் கேள்வி: அர்த்தத்தில் சண்டை இருக்கிறதா? “உண்மையான பொருள் இதுதான்” என்ற தலைப்பில் சுற்றும் செய்திகளால் பல பழமொழிகளுக்கு இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. “சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்” என்றால், அது சஷ்டி விரதத்தைச் சொல்வது என்று ஒருவர் எழுந்துகொள்வார். “களவும் கற்று மற”, “ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால்” ஆகியவற்றுக்கும் இதே கதி. யார் சொல்வது சரி என்பது நல்ல பேச்சுதான், ஆனால் உங்கள் மீட்டிங் நேரமும் அதிலேயே போய்விடும். எல்லோருக்கும் ஒரே பொருள் தரும் பழமொழியாக எடுங்கள்.

5. பழமொழியை ஒரு செயலோடு கட்டுங்கள்

பழமொழிக்குக் கீழே நான்கு விவரம் எழுதுங்கள்: என்ன செயல், யார் செய்வது, எப்போதுக்குள், தவறினால் என்ன. நான்கில் ஒன்று காலியாக இருந்தாலும் அந்தப் பழமொழி இன்னும் தயாராகவில்லை.

தாமதமான பாராட்டுக்கு “ஆறின கஞ்சி பழங்கஞ்சி” நன்றாகப் பொருந்தும். செயல்: கூடுதலாக உழைத்தவரிடம் என்ன செய்தார் என்பதைக் குறிப்பிட்டுச் சொல்வது. செய்பவர்: டீம் லீட், அதாவது குழுவின் மேலாளர். கெடு: அவருடைய அடுத்த ஷிப்ட் முடிவதற்குள். தவறினால்: அந்த வார மீட்டிங்கில் டீம் லீடே தாமதத்தைச் சொல்லி ஏற்றுக்கொள்வது. “நல்லா பண்ணீங்க” என்பது பாராட்டுக் கணக்கில் சேராது. செய்த வேலையின் பெயர் வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

புதிதாகச் சேர்ந்தவர் சீக்கிரம் விலகிப்போகும் குழுவுக்கு “முதல் கோணல் முற்றும் கோணல்”. முதல் நாள் காலையிலேயே இருக்கை, கணினி, நுழைவு அட்டை, கடவுச்சொல் நான்கும் தயார். முதல் வாரம் முழுக்கச் சந்தேகம் கேட்க ஒரே ஆள். புதியவர் வந்து சேர்வதற்கு இரண்டு வேலை நாள் முன்பே இவற்றைச் சரிபார்க்க வேண்டும். காலையில் சரிபார்த்தால் எதையும் திருத்த நேரம் இருக்காது.

புகார் விசாரணையில் நம்பிக்கை இல்லாத இடத்துக்கு “கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்”. இரண்டு தரப்பையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வைக்காமல் யாரிடமும் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பக் கூடாது என்பதே செயல். பயிற்சி வகுப்பு முடிந்தும் கைவராத குழுவுக்கு “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது”: வகுப்பு முடிந்த மூன்று வேலை நாளுக்குள், கற்றதை நடப்பு வேலை ஒன்றில் அருகில் ஒருவர் இருக்கச் செய்து பார்ப்பது.

6. ஒரு வாரம் மேலாளர் மட்டும்

செயலை ஒரு வாரம் மேலாளர் தனியாக, யாரிடமும் அறிவிக்காமல் செய்ய வேண்டும். பழமொழியை இன்னும் சொல்ல வேண்டாம்.

இரண்டு பலன் உண்டு. கெடு நடைமுறைக்கு ஒத்துவருமா என்பது தெரியும். இரவு ஷிப்ட்காரரைப் பகலில் பிடிக்க முடியவில்லை என்பது போன்ற சிக்கல்கள் இந்த வாரத்தில்தான் வெளிப்படும். இன்னொன்று, அறிவிக்கும் நாளில் “செய்யப் போகிறேன்” என்பதற்குப் பதிலாக “செய்துகொண்டிருக்கிறேன், இத்தனை தடவை தவறினேன்” என்று சொல்ல முடியும்.

ஐந்து வேலை நாளில் இரண்டு நாளாவது தவறியிருந்தால் செயலைச் சின்னதாக்குங்கள்.

7. அறிமுகம்: பன்னிரண்டு நிமிடம்

தனி விழா வேண்டாம், வழக்கமான வார மீட்டிங்கிலேயே செய்யுங்கள். வாரத் தொடக்கத்திலோ டார்கெட் முடியும் நாளிலோ வைக்காதீர்கள். மனம் வேறெங்கோ இருக்கும்.

முதல் இரண்டு நிமிடம் குறையைச் சொல்லுங்கள், மூன்றாம் படியில் எழுதிய அதே வாக்கியத்தில். அடுத்த இரண்டு நிமிடம் நீங்கள் எங்கே தவறினீர்கள் என்பது. பிறகுதான் பழமொழி, ஒரே ஒரு தடவை. விளக்கவுரை சேர்க்காதீர்கள். தெரிந்த பழமொழிக்குப் பொழிப்புரை சொல்வது கேட்பவரைச் சின்னப் பிள்ளையாக்கும்.

இப்படி இருக்கலாம்: “செவ்வாய்க்கிழமை ராத்திரி சர்வர் நின்னப்போ நீங்க ரெண்டு பேரும் ரெண்டு மணி வரைக்கும் இருந்து சரி பண்ணீங்க. நான் அதைப் பத்திப் பேசினது வெள்ளிக்கிழமை. ஆறின கஞ்சி பழங்கஞ்சிதான். இனிமே உங்க அடுத்த ஷிப்ட் முடியறதுக்குள்ள சொல்லிடுவேன்.”

மிச்ச எட்டு நிமிடம் அவர்களுடையது. “இது நம்ம வேலையில எங்க சரிப்பட்டு வராது?” என்று கேளுங்கள். “எங்கே பொருந்தும்?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்; எங்கே பொருந்தாது என்று கேட்டால்தான் மறுப்புச் சொல்ல இடம் கிடைக்கிறது. கேட்டுவிட்டு முப்பது நொடியாவது சும்மா இருங்கள். அந்த மௌனத்தை நிரப்பத் தோன்றும், நிரப்பாதீர்கள்.

“சார், எல்லார் முன்னாடியும் சொல்ல வேணாம், தனியா சொன்னாலே போதும்” என்று ஒரு குரல் வரலாம். அதை அப்படியே ஏற்று, அங்கேயே செயலைத் திருத்தி எழுதுங்கள். தான் சொன்னது எழுத்தில் ஏறியதைப் பார்த்தவருக்கு அந்தச் செயலில் பங்கு வந்துவிடுகிறது. இந்த முழு வேலையிலும் ஈடுபாடு பிறக்கும் இடம் இதுதான் என்பதால், திட்டத்தைக் கொஞ்சம் அரைகுறையாகவே கொண்டுபோவது நல்லது.

8. ஆறு வாரம்: எதை எண்ணுவது

மூன்று விஷயம் போதும். ஒன்று, செயல் எத்தனை தடவை கெடுவுக்குள் நடந்தது, எத்தனை தடவை தவறியது. மேலாளரே எழுதி, குழு பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

இரண்டு, வாரம் ஒரே கேள்வி, ஆம் அல்லது இல்லை. பாராட்டு பற்றியதென்றால்: “கடந்த ஏழு நாளில் உங்கள் வேலையைக் குறிப்பிட்டு யாராவது நல்லபடியாகச் சொன்னார்களா?” காலப் (Gallup) என்ற ஆய்வு நிறுவனத்தின் 12 கேள்விப் பட்டியலிலும் பாராட்டுக்கு இதே ஏழு நாள் அளவுதான். “பொதுவாக உங்களைப் பாராட்டுகிறார்களா” என்று கேட்டால் அன்றைய மனநிலைதான் பதிலாக வரும். சிறிய குழுவில் கையெழுத்தே ஆளைக் காட்டிவிடும். அதனால் எழுத்து வேண்டாம், ஒரே நிறப் பேனாவால் டிக் மட்டும்.

மூன்று, குழுவினரே அந்தப் பழமொழியைச் சொல்கிறார்களா, எந்தத் தொனியில் என்பது. “கஞ்சி ஆறிடப் போகுது சார், சீக்கிரம் சொல்லிடுங்க” என்று மேலாளரிடமே சிரித்துச் சொன்னால் நல்ல அறிகுறி. அவர் இல்லாத இடத்தில் மட்டும் சிரிப்பு எழுந்தால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

ஆறில் நான்கு வாரமாவது செயல் ஒழுங்காக நடக்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். நிறுத்துவதையும் மீட்டிங்கில் காரணத்தோடு சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அடுத்த முறை எதைச் சொன்னாலும் எடுபடாது.

9. தமிழ் தெரியாதவர்களும் குழுவில் இருந்தால்

மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அவரவர் மொழியில் இதே கருத்துக்கு என்ன பழமொழி என்று கேளுங்கள். ஏறக்குறைய எல்லா மொழியிலும் ஒன்று இருக்கும், அதைச் சொல்கிறவர் முகம் மலர்வதைப் பார்க்கலாம். அந்தப் பழமொழியையும் நான்காம் படியின் சோதனையில் போடுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். செயல் ஒன்றே இருக்கட்டும்.

10. வழக்கமாக நேரும் தவறுகள்

தினம் ஒரு பழமொழியை வாட்ஸ்அப் குழுவில் போடுவது. காலை வணக்கப் படங்களோடு சேர்ந்து அதுவும் படிக்கப்படாமல் போகும். ஒரு குழு, ஒரு பழமொழி, ஆறு வாரம்.

அப்ரைசலில் பழமொழி சொல்வது. ஒருவருடைய மதிப்பீட்டில் வர வேண்டியது தேதி, வேலை, விளைவு. “விளையும் பயிர் முளையிலே தெரியும்” என்று புதியவரைப் பற்றி வாய்மொழியாகச் சொன்ன ஒரு வரி, அவர் மேல் வருடக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும்.

எச்.ஆர். பிரிவு தேர்ந்தெடுத்து, டீம் லீடிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது. படிப்பவர் வாயில் அது ஒட்டாது. எச்.ஆர். செய்யக்கூடியது இரண்டாம் படியில் கேட்கக் கற்றுக்கொடுப்பதும், ஐந்தாம் படியின் நான்கு விவரத்தைச் சரிபார்ப்பதும்.

போஸ்டரை நிரந்தரமாக விட்டுவிடுவது. ஒட்டத்தான் வேண்டுமென்றால் செயலும் கெடுவும் பழமொழியின் அதே அளவு எழுத்தில் இருக்கட்டும், ஆறாவது வாரக் கடைசி நாளைக் கீழே எழுதுங்கள். அந்தத் தேதியில் மேலாளர் தன் கையால் கழற்ற வேண்டும். செயல் பழக்கமாகியிருந்தால் வார்த்தை இல்லாமலே நடக்கும். அடுத்த இரண்டு வாரம் மறுபடி நோட்டும் காதும் மட்டும்.